பிரவுசருக்குள் குடியேறும் எக்ஸ்டென்ஷன்கள்: பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை





கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் உங்கள் வீட்டு ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஏறப்போகின்றன. சிலருக்கு அது வீட்டு லேப்டாப், சிலருக்கு முக்குக்கடை பிரவுசிங் சென்டர், சிலருக்கு நம் டிரஸ்ட் அலுவலகம். அதனால்தான் இந்த மாதக் கூட்டத்தில் இந்த விஷயத்தைப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள் என்று கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். அவை சரியான அறிவுரைகள்தான். ஆனால் இன்று நாங்கள் சொல்லப்போவது வேறு வகை. இதில் நீங்கள் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை உள்ளே உட்காரச் சொன்னதும் நாம்தான். எப்போது சொன்னோம் என்பது மறந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் இணையத்தைப் பார்க்க குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்று ஏதாவது ஒரு பிரவுசரைத் திறக்கிறோம். அந்தப் பிரவுசருக்குள் சின்னச் சின்ன துணை மென்பொருள்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்குப் பெயர் எக்ஸ்டென்ஷன். தமிழில் நீட்டிப்பு என்கிறார்கள். பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒன்று, யூடியூப் வீடியோவை இறக்க ஒன்று, விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, ஆங்கில இலக்கணம் திருத்த ஒன்று, திரையைப் படம் பிடிக்க ஒன்று. பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிட வேலை. ப்ராஜெக்ட்டை நாளைக்குக் கொடுக்க வேண்டும், ஒரு ஃபைல் திறக்கவில்லை, தேடினால் ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைக்கிறது, சேர்த்துவிடுகிறார்கள். வேலை முடிகிறது. எக்ஸ்டென்ஷன் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. சென்ற மாதம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தங்கள் லேப்டாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தபோது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தோம். பள்ளிக்கூடக் காலத்தில் சேர்த்தவைகூட அப்படியே இருந்தன. எதற்குச் சேர்த்தது என்று கேட்டால் பிள்ளைக்கே நினைவில்லை.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது ஒரு சின்னப் பெட்டி திரையில் வரும். நீங்கள் பார்க்கும் எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவுகள் அனைத்தையும் இது படிக்கலாம், மாற்றலாம் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கும். ஆங்கிலத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. தமிழில் இருந்தாலும் படிக்க மாட்டோம் என்பது வேறு விஷயம். அந்த வரியில் இரண்டு சொற்கள் முக்கியம்: படிக்கலாம், மாற்றலாம்.

முதலில் படிப்பதைப் பார்ப்போம். வங்கித் தளத்தைத் திறந்தால் மேலே பூட்டுப் படம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லி நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பூட்டு, உங்கள் கம்ப்யூட்டருக்கும் வங்கிக்கும் இடையில் உள்ள பாதையைக் காக்கிறது. வழியில் யாரும் கடிதத்தைப் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் எக்ஸ்டென்ஷன் வழியில் நிற்பதில்லை, வீட்டுக்குள் இருக்கிறது. கடிதத்தைப் பிரித்து நீங்கள் மேசைமேல் வைத்த பிறகு, உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று அது படிக்கிறது. பூட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எல்லாம் ரகசியக் குறியீட்டில்தானே போகிறது என்று நம்புகிறோம். உண்மைதான், வழியில் அப்படித்தான் போகிறது. திரையில் விரிந்த பிறகு அது வெறும் எழுத்து, வெறும் படம். குடும்பப் பெண்களின் கல்யாண ஃபோட்டோக்கள் எந்தெந்த குரூப்பில் இருக்கின்றன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது மாற்றுவது. பக்கத்தில் தெரியும் எழுத்தையும் எண்ணையும் எக்ஸ்டென்ஷனால் மாற்றிக் காட்ட முடியும். ரமலானில் ஒரு மதரஸாவுக்கோ அநாதை இல்லத்துக்கோ ஜகாத் அனுப்ப அவர்களின் தளத்தைத் திறக்கிறீர்கள். அங்கே இருக்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பதில் வேறொரு எண் உங்கள் திரையில் மட்டும் தெரிந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தளத்தை நடத்துகிறவருக்கும் தெரியாது, அவர் திரையில் சரியான எண்தான் இருக்கும். ஆகவே பெரிய தொகை அனுப்பும்போது கணக்கு எண்ணை ரசீது புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள், அல்லது ஃபோன் செய்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் டிரஸ்டுக்கு அனுப்பும்போதும் அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கடவுச்சொல்லே இல்லாமல் கணக்குக்குள் நுழைவது. பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனால் வாசலில் பெயர், விவரம் எல்லாம் கேட்டு ஒரு பாஸ் தருவார்கள். அதன்பின் ஒவ்வொரு மாடியிலும் அந்தப் பாஸைக் காட்டினால் போதும். யாரும் மறுபடி விவரம் கேட்பதில்லை. அந்தப் பாஸை ஒருவன் எடுத்துக்கொண்டால் அவனும் மாடி ஏறிவிடலாம். ஃபேஸ்புக், ஜிமெயில் எல்லாம் இப்படித்தான். ஒருமுறை கடவுச்சொல்லும் ஓடிபியும் கொடுத்து நுழைந்ததும், பிரவுசருக்கு ஒரு பாஸ் கிடைக்கிறது. அதைக் குக்கீ என்கிறார்கள். கெட்ட எக்ஸ்டென்ஷன் அந்தப் பாஸைப் பிரதி எடுத்து எங்கோ இருப்பவனுக்கு அனுப்பிவிடுகிறது. உங்களுக்கு ஓடிபி வராது, எச்சரிக்கை வராமலும் போகலாம். வங்கித் தளங்கள் சில நிமிடங்களிலேயே பாஸைச் செல்லாததாக்கிவிடும், பணம் அனுப்ப மறுபடி ஓடிபி கேட்கும். அதனால் நேரடியாகப் பணம் போவதைவிட, இமெயிலும் ஃபேஸ்புக்கும் பறிபோவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. இமெயில் போனால் மற்றவை எல்லாம் அதன் வழியாகப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

"நல்ல எக்ஸ்டென்ஷனாகப் பார்த்துச் சேர்த்தால் போதாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "கூகுளின் ஸ்டோரில் இருக்கிறது, லட்சக்கணக்கானோர் வைத்திருக்கிறார்கள், நட்சத்திரம் 4.7 இருக்கிறது" என்கிறார்கள். சேர்த்த அன்று அது நல்லதாகவே இருந்திருக்கலாம். பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. நடந்த சில சம்பவங்களைச் சொல்கிறோம்.

தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. நிறையப் பக்கங்களைத் திறந்து வைத்தால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் அல்லவா, அதைச் சரிசெய்யும். இலவசம், உண்மையிலேயே பயனுள்ளது, சுமார் 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் யாரென்று தெரியாத ஒருவருக்கு விற்றுவிட்டார். பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு விஷயமே தெரியாது. நமக்குப் பழக்கமான பாய் கடையை வேறு யாரோ வாங்கி, அதே பெயர்ப்பலகையை வைத்துக்கொண்டு, கல்லாவில் ஆளை மட்டும் மாற்றியதைப் போல. புதிய கையில் அது தவறான வேலைகளுக்கு இடம்கொடுக்கிறது என்று தெரிந்து, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான மென்பொருள் என்று அறிவித்து நீக்கியது.

விற்கவே வேண்டியதில்லை, திருடலாம் என்பதற்கு 2024 டிசம்பரில் நடந்தது சாட்சி. சைபர்ஹேவன் என்பது அமெரிக்க நிறுவனம். நிறுவனங்களின் ரகசியத் தகவல் வெளியே கசியாமல் காப்பதுதான் அவர்கள் தொழில். டிசம்பர் 24 அன்று அங்கே பணிபுரியும் ஒருவருக்கு ஒரு இமெயில் வந்தது. கூகுள் ஸ்டோரிலிருந்து வந்ததைப் போலவே இருந்தது. உங்கள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மீறியிருக்கிறது, நீக்கப்போகிறோம், இங்கே அழுத்துங்கள் என்றது. அழுத்தினார். போலிப் பக்கம் வரவில்லை, கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கமே வந்தது. அதில் ஒரு செயலிக்கு அனுமதி கேட்டிருந்தது, கொடுத்தார். இரட்டைப் பாதுகாப்பு வைத்திருந்தவர்தான் அவர். ஆனால் அனுமதி கொடுப்பதற்கு அந்தப் பாதுகாப்பு குறுக்கே வரவில்லை. மறுநாள் கிறிஸ்துமஸ், எல்லோருக்கும் விடுமுறை. அந்த அனுமதியை வைத்துத் திருடர்கள் அந்த எக்ஸ்டென்ஷனின் விஷம் கலந்த புதிய பதிப்பை ஸ்டோரில் ஏற்றிவிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். பிரவுசர் திறந்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் அது தானாகவே புதுப்பித்துக்கொண்டது. யாரும் எதையும் அழுத்தவில்லை. குறிப்பாக ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகளின் பாஸ்களைத் தேடி எடுத்தது. நிறுவனம் ஒரு நாளுக்குள் கண்டுபிடித்து நீக்கிவிட்டது. தோண்டிப் பார்த்தபோது இதே முறையில் 30க்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள் பாதிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இப்படி நடக்கிறது. எனவே, உங்கள் பிள்ளை கெட்டதைத் தேடிப் போய்ச் சேர்த்திருப்பான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சேர்க்கும்போது பார்த்தால் மட்டும் போதாது, சேர்த்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னோம்.

இலவச விபிஎன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். அர்பன் விபிஎன் என்ற எக்ஸ்டென்ஷனைக் குரோமில் மட்டும் 60 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். கூகுளின் சிறப்புச் சின்னமும் அதற்கு இருந்தது. சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுத் தளங்களில் மக்கள் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் அது அப்படியே எடுத்து அனுப்பியதாக 2025 டிசம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இப்போது நம் வீடுகளில் உடம்புக் கோளாறு, கணவன் மனைவி மனக்கசப்பு, கடன் பிரச்சினை என்று வெளியில் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம்தான் தட்டிக் கேட்கிறார்கள். ஒளிந்துகொள்வதற்காகப் போட்ட திரையே ஒட்டுக்கேட்டிருக்கிறது. சேவை இலவசம் என்றால் அதை நடத்தும் செலவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது கஞ்சத்தனம் இல்லை, அறிவு.

மார்க்கப் பெயரில் வரும் எக்ஸ்டென்ஷன்கள் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார். தொழுகை நேரம் காட்டுவது, பாங்கு சொல்வது, தினம் ஒரு ஆயத்து காட்டுவது என்று பல இருக்கின்றன. பச்சை நிறமும் பிறைப் படமும் பார்த்தால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அவையெல்லாம் கெட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. தொழுகை நேரம் காட்ட ஊர் பெயர் தெரிந்தால் போதும். அதற்கு உங்கள் இமெயிலையும் வங்கிப் பக்கத்தையும் படிக்க என்ன அவசியம் என்று மட்டும் கேளுங்கள். முஸ்லிம் ப்ரோ என்ற செயலி உங்களில் பலருக்குத் தெரியும். அது எக்ஸ்டென்ஷன் இல்லை, ஃபோன் செயலி. பயன்படுத்துகிறவர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போகிறது என்றும், அந்த நிறுவனம் இருப்பிடத் தகவல்களை அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள ஒப்பந்ததாரர்களுக்கு விற்கிறது என்றும் 2020 நவம்பரில் செய்தி வெளியானது. ராணுவத்துக்குத் தாங்கள் நேரடியாக விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோடுடன் உள்ள தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. கிப்லா பார்க்கத் திறந்த செயலிக்கு இப்படி ஒரு கதை இருக்கும் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

பிறர் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை சூரா அந்நூர் நமக்குக் கற்றுத்தருகிறது. அது எல்லோருக்கும் தெரிந்தது. அதே சூராவில் இன்னொரு கட்டளையும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பணியாளர்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் அறைக்குள் வர வேண்டும்: ஃபஜ்ருக்கு முன்பு, நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பிறகு. அதாவது வீட்டில் வசிப்பவர் என்பதற்காக எந்நேரமும் எல்லா அறைக்குள்ளும் வரலாம் என்று ஆகிவிடாது. இந்த உரைக்காக எக்ஸ்டென்ஷன்களின் அமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு இந்தக் கட்டளைதான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் பிரவுசரிலும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்து குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதற்குள் மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே குடியிருப்பவர்கள் எல்லோரும் வரிசையாகத் தெரிவார்கள். ஒவ்வொன்றையும் காட்டிப் பிள்ளையிடம் கேளுங்கள், இது எதற்கு, கடைசியாக எப்போது பயன்படுத்தினாய் என்று. பதில் வரவில்லை என்றால் ரிமூவை அழுத்துங்கள். தயங்க வேண்டாம், தேவைப்பட்டால் நாளைக்கே மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், காசா பணமா. சும்மா அணைத்து வைப்பதைவிட நீக்கிவிடுவதே நல்லது. மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவற்றில் டீடெய்ல்ஸ் என்பதை அழுத்தினால், எந்தத் தளங்களைப் படிக்கலாம் என்று ஒரு தேர்வு தெரியும். எல்லாத் தளங்களிலும் என்று இருப்பதை ஆன் கிளிக் என்று மாற்றுங்கள். அதன்பின் நீங்கள் அதன் படத்தை அழுத்திக் கூப்பிடும்போது மட்டும்தான் அது அந்தப் பக்கத்தைப் பார்க்கும். மற்ற நேரத்தில் கதவுக்கு வெளியே நிற்கும். சில எக்ஸ்டென்ஷன்கள், குறிப்பாக விளம்பரம் தடுப்பவை, இப்படி வைத்தால் சரியாக வேலை செய்யாது. எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. குரோமில் இன்காக்னிட்டோ என்று ஒரு கறுப்புச் சாளரம் உண்டு. பிள்ளைகள் அதை எதற்குத் திறக்கிறார்கள் என்று பெற்றோர் சந்தேகப்படுவது வழக்கம். ஆனால் அதில் ஒரு நன்மை இருக்கிறது: நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்காது. வங்கி வேலை, வருமான வரி, ஹஜ் விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் இவற்றையெல்லாம் அந்தச் சாளரத்தில் செய்யுங்கள். முடிந்ததும் மூடிவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரிலும் இதையே செய்யலாம். ஆனால் அங்கே அது முழுப் பாதுகாப்பு ஆகாது, கம்ப்யூட்டரே வேறொருவருடையது. வேறு வழியில்லாவிட்டால் கடைக்காரரின் பிரவுசரில் உங்கள் ஜிமெயிலைப் பதிந்து வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்கேன் செய்த ஆதாரை டெஸ்க்டாப்பிலிருந்தும், பிறகு குப்பைக்கூடையிலிருந்தும் நீக்கச் சொல்லி நின்று பார்த்துவிட்டு வாருங்கள். முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட வேண்டாம்.

லேப்டாப்புகளைப் பார்த்தபோது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. பிள்ளை கல்லூரி லேபில் தன் கூகுள் கணக்கைக் குரோமில் பதிந்து, சின்க் என்பதையும் போட்டு வைத்திருந்தால், அங்கே சேர்த்த எக்ஸ்டென்ஷன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வந்து உட்கார்ந்துவிடும். அத்தா கடைக் கணக்கு எழுதும் அதே கம்ப்யூட்டரில். ஆகவே ஒரு வீட்டில் ஒரே லேப்டாப் என்றால், குரோமில் ஆளுக்கொரு புரொஃபைல் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்குச் செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை.

ஃபோனில் இந்தக் கவலை குறைவு. ஆண்ட்ராய்ட் குரோமில் எக்ஸ்டென்ஷன் சேர்க்க முடியாது. அங்கே வேறு வடிவில் வருகிறது, கல்யாணப் பத்திரிகை, வங்கி அறிவிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக. அதைத் திறக்கவே கூடாது. பத்திரிகை கொடுப்பவர் படமாக அனுப்புவார், இல்லாவிட்டால் வீட்டுக்கே வந்து கொடுப்பார்.

சரி, ஏதோ ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று தெரிகிறது. தேடல் பக்கம் தானாக வேறாகிவிட்டது, சம்பந்தமில்லாத விளம்பரம் குதிக்கிறது, நீங்கள் போடாத பதிவு உங்கள் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், பாஸ் ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம். ஃபோனை எடுத்து அதிலிருந்து ஜிமெயில், ஃபேஸ்புக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற தேர்வு அங்கே இருக்கும், அதை அழுத்தினால் பழைய பாஸ்கள் செல்லாது. வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்பதைத் திறந்து தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் நீக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். 1930 இந்திய அரசின் இணையக் குற்ற உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. ஜும்ஆ முடித்துவிட்டுப் பார்க்கலாம், மச்சானைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி தகப்பன்மார்களிடம் ஒன்று. நாங்கள் பேசிய பெண்பிள்ளைகளில் சிலர் தங்கள் கணக்கில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தும் வாரக்கணக்கில் வீட்டில் சொல்லவில்லை. ஏனம்மா என்று கேட்டோம். ஒரு பிள்ளை சொன்னது: "அத்தாகிட்ட சொன்னா லேப்டாப்பை வாங்கி வச்சிருவாங்க. அப்புறம் படிப்பு வேண்டாம்னு சொல்லிருவாங்க." திருடனுக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. ஃபோட்டோவைக் காட்டி மிரட்டுகிறவன் நம்பியிருப்பது இந்தப் பயத்தைத்தான், வீட்டில் சொல்லிவிடுவேன் என்பதே அவன் மிரட்டல். வீட்டில் ஏற்கெனவே தெரியும் என்றால் அவன் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே இன்று இரவே உங்கள் மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் வா, லேப்டாப் உன்னிடம்தான் இருக்கும், படிப்பு நிற்காது. சொன்னால் அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள். தகப்பனிடம் சொல்ல முடியாத பிள்ளைகள் நம் மகளிர் குழுவில் உள்ள லாத்தாமார்களிடம் வரலாம். விஷயம் அந்த அறையைத் தாண்டாது.

டிரஸ்ட் அலுவலகத்தைப் பற்றியும் நீங்கள் கேட்க உரிமை இருக்கிறது. ஜகாத் கேட்டு வருபவர்களின் பட்டியல், விதவை உதவி பெறும் தாய்மார்களின் வங்கி எண், மாணவர்களின் ஆதார் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. கைநீட்ட வேண்டிய நிலை தங்களுக்கு வந்தது அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று மஃக்ரிபுக்குப் பிறகு பின்வாசல் வழியாக வரும் குடும்பங்களும் உண்டு. அந்தப் பெயர்கள் எங்களிடம் அமானத். அதனால் விண்ணப்பங்களைக் கையாளும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரு எக்ஸ்டென்ஷன்கூட வைப்பதில்லை. அவற்றில் யாரும் சொந்த ஜிமெயிலோ வாட்ஸ்அப்போ திறப்பதில்லை. பிள்ளைகள் ப்ரின்ட் எடுக்க வந்தால் தனியாக மூன்றாவது கம்ப்யூட்டர் இருக்கிறது. தன்னார்வலர்கள் விண்ணப்ப விவரங்களை வீட்டு லேப்டாப்புக்கு எடுத்துப் போகக்கூடாது என்பதும் விதி. இது கெடுபிடியாக இருக்கிறது என்று சில தம்பிமார்களுக்கு வருத்தம். இருக்கட்டும்.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை அலுவலக மாடியில் லேப்டாப் பார்த்துத் தருகிறோம். கட்டணம் இல்லை. பெண்களுக்குத் தனி அறை, அங்கே நம் கல்லூரி மாணவிகளே பார்ப்பார்கள். உங்கள் கடவுச்சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டரை நீங்களே திறந்து, நீங்களே அழுத்துவீர்கள், பக்கத்தில் இருந்து எதை அழுத்துவது என்று மட்டும் அவர்கள் சொல்வார்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். மாடியில் இரண்டு பிளக் பாயின்ட்தான் இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏற்பாடு செய்துவிட்டோம். அந்த எக்ஸ்டென்ஷனால் ஆபத்து இல்லை.